பெட்டி கட்டும் முன் ஒரு வீட்டுப் பள்ளி

சென்ற ஏப்ரல் முதல் எங்கள் ரயில்வே குடியிருப்பில் ஒரு சிறு பள்ளிக்கூடம் நடந்துவருகிறது. மாணவர் இருவர்: ஏழு வயது மகள், ஐந்து வயது மகன். ஆசிரியன், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்த அடியேன். வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆயத்தமாகும் குடும்பங்கள் நம் நாகபுரித் தமிழரிடையேயும் இருப்பதால், எங்கள் அநுபவம் சிலருக்கேனும் பயன்படக்கூடும் என்று எழுதத் துணிந்தேன்.

என் மனைவி செவிலி. ஜெர்மன் மொழித் தேர்வுகளை எழுதித் தேறி, சென்ற பிப்ரவரியில் லைப்சிக் நகரத்து மருத்துவமனை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். குழந்தைகளும் நானும் ஜூலையில் பின்தொடர்வதாக ஏற்பாடு. அந்நாட்டில் பள்ளி ஆண்டு மாநிலத்துக்கு மாநிலம் மாறி, ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ தொடங்கும். எங்கள் பிள்ளைகள் படித்த பள்ளியிலோ ஏப்ரலில் தொடக்கம். மூன்று மாதப் படிப்புக்காக இருவருக்கும் ஓராண்டுக் கட்டணம் செலுத்துவது என் சம்பளத்தில் இயலாத காரியம். ஆகவே மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு வந்துவிட்டேன். ஜூலை வந்தது, போயிற்று, விசா வரவில்லை. இதை எழுதும்போது நவம்பர்.

"படிக்கிற பிள்ளைகளை நிறுத்தலாமா தம்பி?" என்று சங்கத்துப் பெரியவர் ஒருவர் கடிந்துகொண்டார். அவர் கவலை நியாயமானதே. பயணம் தவறிவிட்டால் என் செய்வது? ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் வழி செய்திருக்கிறது என்று அவருக்கு விடை கூறினேன். இரவில் உறக்கம் வராதபோது எனக்கு நானே அதைக் கூறிக்கொள்ள வேண்டியிருந்தது.

முதல் வாரத்தில் நான் செய்தது முழுத் தவறு. ரயில்வேக்காரனல்லவா! கால அட்டவணை ஒன்று தயாரித்துச் சுவரில் ஒட்டினேன். ஐந்து நாள் விடுப்பு எடுத்து, காலை பத்து முதல் மாலை நான்கு வரை பாடம் நடத்தினேன். மூன்றாம் நாள் மகன் சிலேட்டைக் கட்டிலின் அடியில் ஒளித்து வைத்தான். மகள், "அப்பா, நம்ம ஸ்கூல்ல மட்டும் ஏன் மணியே அடிக்க மாட்டேங்குது?" என்று கேட்டாள். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஆறு மணி நேரம் பிடிக்கும் பாடம், இருவருக்கு ஒன்றரை மணியில் முடிந்துவிடும் என்பது அப்போதுதான் புலப்பட்டது. அட்டவணையைக் கிழித்தேன். காலை ஆறரை முதல் எட்டு வரை நான். பகலில் அரை மணி என் தாயார். மாலை ஐந்துக்கு இருவரும் குடியிருப்பு மைதானத்தில் இருந்தாக வேண்டும். பள்ளிப் பேருந்து வாயிலைக் கடக்கும்போது மகள் சன்னலில் நின்று பார்ப்பதைக் கண்டபின், இந்த விளையாட்டு நேரத்தைப் பாடத்தைவிடக் கண்டிப்பாகக் காத்துவருகிறேன்.

நிற்க. எதைக் கற்பிப்பது? அங்குள்ள பாடநூலைத் தேடி அலைய முற்பட்டேன். மனைவி தடுத்தாள். ஜெர்மனியில் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றே ஆகவேண்டும். வீட்டில் வைத்துப் படிப்பிக்க, மிக அரிதான விலக்குகள் தவிர, அனுமதி இல்லை. இதை எதிர்த்து ஒரு குடும்பம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்று, 2006இல் தோற்றது. "ஜெர்மன் பாடத்தை அவங்களே நடத்துவாங்க. தமிழை யார் நடத்துவா? உங்க பள்ளிக்கூடத்துக்கு விமானம் ஏறுற வரைக்குந்தான் ஆயுசு," என்றாள். இங்கு மராத்தியும் ஆங்கிலமும் எழுதத் தெரிந்த என் மகளுக்குத் தமிழில் தன் பெயரை எழுதத் தெரியாது என்பதை நான் அதுவரை ஒரு குறையாக எண்ணியதே இல்லை. வெட்கமாக இருந்தது.

ட, ப, ம என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கினோம். கோடு போடத் தெரிந்தவனுக்கு இவை எளியவை. படம், மடம், பட்டம் என்று முதல் நாளே சொற்கள் கிடைத்துவிடும். 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைப் பாடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றையும் பயன்படுத்தினோம். ஆயினும் என் தாயார் சொல்லும் கதைகளுக்கு அவை ஈடாகா.

ஜெர்மன் மொழியில் நானும் மாணவனே. அவர்கள் இருபத்து நான்கை "நான்கும் இருபதும்" என்று திருப்பிச் சொல்வர். நான் தடுமாறியபோது மகள், "மராத்தியில் 'சோவீஸ்'னு சொல்றப்பவும் நாலுதானே முன்னால வருது?" என்றாள். அன்று அவளே ஆசிரியை. ஏழின் இடுப்பில் ஒரு கோடு இடுவதும், வகுத்தலுக்கு இரு புள்ளி வைப்பதும் இப்போது பழகிவிட்டன.

தாள்களைப் பற்றி ஒரு சொல். பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் அட்டை ஆகியவற்றோடு தடுப்பூசி அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். பள்ளியில் சேரும் பிள்ளைக்குத் தட்டம்மைத் தடுப்புக்கான சான்றை ஜெர்மனி 2020 மார்ச் முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. மகனின் அட்டை எங்கள் வீட்டு அரிசி டின்னுக்கு அடியில் அகப்பட்டது. எவ்வாறு அங்கே சென்றது என்பதை எவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அன்றாடப் பாட ஏடுகளையும் தேதியிட்டு வைத்திருக்கிறேன். இடைவெளி ஏன் என்று எந்த நாட்டுத் தலைமையாசிரியர் கேட்டாலும் காட்டலாம்.

தீபாவளிக்கு முன் மகள் தென்காசியிலுள்ள தன் ஆச்சிக்கு முதன்முறையாகத் தமிழில் கடிதம் எழுதினாள். நான்கே வரி, நான் கைவைக்காமல் அஞ்சலில் சேர்த்தேன். பத்து நாளில் பதில் வந்தது. "இருக்கிறேன் என்பதற்குப் பெரிய ற போடணும் தாயி. தபால்காரரை நிக்க வச்சு வாசிச்சுக் காட்டினேன்," என்று எழுதியிருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லுக்கும், "சின்ன ரவா, பெரிய றவா?" என்று கேட்டு என் தாயாரை அடுக்களையில் வேலை செய்ய விடுவதில்லை. அடுத்த கடிதம் சனிக்கிழமை போகிறது.