நேற்று நடந்ததை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

நம் மஹல்லாவைச் சேர்ந்த தம்பி ஒருவர் வளைகுடா வேலைக்கான நேர்காணலுக்குத் தொலைபேசியில் பேசினார். ஏசி மெக்கானிக் வேலை. கையில் ஆறு வருட அனுபவம். “இதற்கு முன் எங்கே வேலை பார்த்தீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். “ஐ வொர்க் இன் கோயம்புத்தூர்” என்றார். கோவையில் வேலை பார்த்தேன் என்பதைத்தான் அவர் சொல்ல நினைத்தார். எதிர்முனையில் இருந்தவரோ, இவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று புரிந்துகொண்டார். உடனே, “விலகுவதற்கு எத்தனை நாள் அவகாசம் கேட்பார்கள்?” என்று அடுத்த கேள்வி வந்தது. வேலையை விட்டு நான்கு மாதம் ஆகியிருந்த தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ சொன்னார். பிறகு கூப்பிடுகிறோம் என்றார்கள்; கூப்பிடவில்லை.

‘வொர்க்’ என்பதை ‘வொர்க்ட்’ என்று சொல்லியிருந்தால் போதும். ஆங்கிலத்தில் ‘சிம்பிள் பாஸ்ட்’ என்று சொல்லப்படும் இறந்தகாலம் இதுதான். முடிந்துபோன ஒரு செயலை, முடிந்துபோன ஒரு நேரத்தில் வைத்துச் சொல்வது. நேற்று, போன வாரம், 2019-இல், சின்ன வயதில் என்று நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டாலே இந்தக் காலம்தான் வரும். மருத்துவரிடம் “ஐ டேக் திஸ் டேப்லெட்” என்றால் இந்த மாத்திரையை வழக்கமாகச் சாப்பிடுகிறேன் என்று பொருள். “ஐ டுக் திஸ் டேப்லெட்” என்றால் சாப்பிட்டேன், அது முடிந்தது. மொழி தெரியாத ஊரில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிய நம் சகோதரிகளுக்கு இந்த வித்தியாசத்தின் கனம் தெரியும்.

இந்தப் பாடத்தில் ஒரு நல்ல செய்தியை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகள் ஸர்ஃபு பாடத்தில் ‘ஃபஅல, ஃபஅலா, ஃபஅலூ’ என்று தொடங்கி 14 வடிவங்களை மனப்பாடம் செய்கிறார்கள். தமிழிலும் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தோம், வந்தார்கள் என்று ஆளுக்கு ஆள் சொல் மாறுகிறது. ஆங்கிலத்தில் ‘கேம்’ என்ற ஒரே சொல்தான். ஐ கேம், யூ கேம், ஹி கேம், ஷி கேம், வி கேம், தே கேம். நிகழ்காலத்தில் ‘ஹி’, ‘ஷி’ வந்தால் கடைசியில் ஒரு ‘ஸ்’ சேர்க்க வேண்டும் என்ற தொல்லைகூட இங்கே இல்லை. ‘வாஸ்’, ‘வேர்’ இரண்டு மட்டும் ஆளைப் பார்த்து மாறும். மற்ற எந்த வினைச்சொல்லும் மாறாது. ‘மாளீ’ முழுவதையும் ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளை இதற்குப் பயப்பட வேண்டியதே இல்லை.

அப்படியானால் பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள்? எங்கள் ஞாயிறு வகுப்பில் மிக அதிகமாகக் காதில் விழும் பிழை “ஐ டிட் நாட் வென்ட்” என்பது. ‘டிட் நாட்’ வந்தால் மூலச் சொல்லைத்தான் போட வேண்டும் என்று பலமுறை சொல்லிப் பார்த்தோம். பிள்ளைகள் தலையை ஆட்டுவார்கள், மறுபடியும் ‘வென்ட்’ என்பார்கள். ஒருநாள் கரும்பலகையில் தமிழை எழுதினோம். போனேன் – போகவில்லை. வந்தேன் – வரவில்லை. சாப்பிட்டேன் – சாப்பிடவில்லை. ‘போனேன்’ என்பதில் இருக்கும் இறந்தகாலம் ‘போக’ என்பதில் எங்கே போனது என்று கேட்டோம். வகுப்பில் கொஞ்ச நேரம் அமைதி. “இல்லை என்று வந்துவிட்டால் தமிழிலும் சொல் பழைய மாதிரி ஆகிவிடுகிறது” என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சொன்னாள். அதுதான் விஷயம். ‘போனேனில்லை’ என்று நாம் யாரும் பேசுவதில்லை. ஆங்கிலக்காரரும் அப்படியே ‘வென்ட்’ என்பதை ‘கோ’ ஆக்கி, “ஐ டிட் நாட் கோ” என்கிறார். இறந்தகாலத்தை ‘டிட்’ வாங்கிக்கொண்டது. வினைச்சொல்லுக்கு அந்தச் சுமை இல்லை.

கேள்வியில் தமிழ் நமக்குக் கைகொடுக்காது. ‘போனாயா?’ என்று இறந்தகாலத்தை வைத்துக்கொண்டேதான் கேட்கிறோம். அதனால்தான் “டிட் யூ வென்ட்?” என்பது நம் வாயில் இயல்பாக வந்துவிடுகிறது. இங்கேயும் ‘டிட்’ வந்துவிட்டதால் “டிட் யூ கோ?” என்பதே சரி. இதைப் பழக்கத்தால்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது, படித்தவர்களே செய்யும் பிழை. “நான் 2019-இல் டிப்ளமோ முடித்திருக்கிறேன்” என்று தமிழில் சொல்வது சரி. அதை அப்படியே ஆங்கிலமாக்கி “ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிப்ளமோ இன் 2019” என்று விண்ணப்பத்தில் எழுதுகிறார்கள். வருடத்தைச் சொன்ன பிறகு ‘ஹேவ்’ கூடாது. “ஐ கம்ப்ளீட்டட் மை டிப்ளமோ இன் 2019” என்றால் போதும். வருடம் சொல்லாமல், முடித்துவிட்டேன் என்று மட்டும் தெரிவிப்பதானால் ‘ஹேவ்’ வரலாம். துபாயிலிருந்து திரும்பி வந்துவிட்டவர் “ஐ வொர்க்ட் இன் துபாய் ஃபார் செவன் இயர்ஸ்” என்று சொல்ல வேண்டும். இதிலேயே ‘ஹேவ்’ சேர்த்துச் சொன்னால், இன்னும் துபாயில்தான் வேலை பார்க்கிறார் என்று நினைக்க இடம் உண்டு. நம்மிடம் திருத்தத்துக்கு வரும் பயோடேட்டாக்களில் பாதி வேலை இந்த ‘ஹேவ்’ சொல்லை அடிப்பதுதான்.

“ஐ வாஸ் வென்ட்”, “ஐ வாஸ் கம்” என்பவர்களும் இருக்கிறார்கள். ‘வாஸ்’ என்பது இருந்தேன் என்ற பொருள் தருவது. “ஐ வாஸ் சிக்”, “ஐ வாஸ் அட் ஹோம்” என்றால் சரி. போனேன் என்பதற்கு ‘வென்ட்’ மட்டும் போதும்.

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான வினைச்சொற்களுக்குப் பின்னால் ஈ, டி என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் இறந்தகாலம் கிடைத்துவிடும். எழுத்தில் இரண்டும் இருப்பதால் பிள்ளைகள் ‘வாக்கெட்’, ‘ஆஸ்கெட்’ என்று எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். அது ‘வாக்ட்’, ‘ஆஸ்க்ட்’. ‘வான்ட்’, ‘நீட்’, ‘ஸ்டார்ட்’ போல ஏற்கெனவே ‘ட்’ ஓசையில் முடியும் சொற்களுக்கு மட்டும்தான் ‘இட்’ தனியாக ஒலிக்கும்: வான்டிட், நீடிட், ஸ்டார்டிட்.

ஈ, டி சேராமல் தன் போக்கில் மாறும் சொற்களும் உண்டு. சிரமம் என்னவென்றால், அன்றாடம் வாயில் வரும் சொற்களே அப்படிப்பட்டவை. கோ, கம், சீ, சே, டேக், கெட், மேக், கிவ் எல்லாம் அந்த வகைதான். முதல் வருடம் நாங்கள் மூன்று வரிசையில் நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களை அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னோம். பிள்ளைகள் ‘கோ, வென்ட், கான்’ என்று ராகம் போட்டு ஒப்பித்தார்கள். நேற்று எங்கே போனாய் என்று கேட்டால் வாய் திறக்கவில்லை. தவறு எங்களுடையது. இப்போது வாரத்துக்குப் பத்துச் சொல்தான், அதுவும் ஓசை ஒத்தவற்றைச் சேர்த்து. பை – பாட், ப்ரிங் – ப்ராட், திங்க் – தாட், டீச் – டாட் ஒரு கூட்டம். சிங் – சாங், ரிங் – ராங், ட்ரிங்க் – ட்ராங்க் இன்னொரு கூட்டம். கட், புட், ஷட், ஹிட் மாறவே மாறாதவை. ‘ரீட்’ மட்டும் ஒரு குறும்புக்காரச் சொல். எழுத்து மாறாது, ஆனால் இறந்தகாலத்தில் ‘ரெட்’ என்று படிக்க வேண்டும்.

ஆங்கிலம் தெரியாத உம்மாமார்கள் வீட்டில் எப்படி உதவுவது என்று கேட்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அன்று நடந்ததில் மூன்றைப் பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லட்டும். இரண்டு நடந்தவை, ஒன்று நடக்காதது. ஒவ்வொன்றுக்கும் “எப்போது?” என்று மட்டும் கேளுங்கள். ‘காலையில்’, ‘நேற்று’ என்று பதில் வந்தால், அந்த வாக்கியத்தில் ‘ஹேவ்’ காதில் விழக்கூடாது. நடக்காததைச் சொல்லும்போது ‘டிட்’ காதில் விழ வேண்டும். இந்த இரண்டையும் கவனிக்க ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

நேர்காணலில் தடுமாறிய அந்தத் தம்பி இப்போது ஞாயிறு வகுப்புக்கு வருகிறார். அஸர் தொழுகைக்குப் பின் மத்ரஸா மாடியில் வகுப்பு நடக்கிறது. வேலைக்கு முயற்சி செய்யும் பெரியவர்களும் வரலாம்; கட்டணம் இல்லை, ஒரு நோட்டும் பேனாவும் போதும்.