உடம்புக்குள் ஒரு கடிகாரம்

ஜனவரி மாதக் காலை ஆறு மணி. மும்பையில் எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் மூன்று தலைமுறைகள் மூன்று விதமாக இருக்கும். எழுபத்தைந்து வயதான என் அப்பா நாலரைக்கே எழுந்து குளித்து, திருநீறு பூசி, இரண்டாவது காப்பிக்குக் காத்திருப்பார். நானும் என் மனைவியும் டப்பா கட்டுவதும் சட்டைக்கு இஸ்திரி போடுவதுமாக ஓடிக்கொண்டிருப்போம். பதினைந்து வயது மகன் போர்வைக்குள் சுருண்டு கிடப்பான். அவனுக்கு ஏழு மணிக்குப் பள்ளி.

"ஆத்திசூடி படித்த பிள்ளையா இவன்? கல்கத்தாவில் இருந்தவரை தங்கமாக எழுந்தான். பம்பாய்க்கு வந்துதான் சோம்பேறி ஆகிவிட்டான்" என்பார் அப்பா. மூன்று வருடங்களுக்கு முன்புதான் எனக்கு அங்கிருந்து மாற்றலாகி இங்கே வந்தோம். ஊர் கெடுத்தது, நண்பர்கள் கெடுத்தார்கள், செல்போன் கெடுத்தது என்று நாங்களும் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் அவன் பள்ளிப் பேருந்தைத் தவறவிட்டான். ஆத்திரத்தில் கை நீட்டிவிட்டேன். அவன் அழவில்லை. "சீக்கிரம் எழுந்திருக்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையாப்பா? முடியலையே" என்றான். அந்த 'முடியலையே' என்னைப் பல நாட்கள் உறுத்தியது. உண்மையிலேயே முடியாதா, அல்லது மனம் இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன். நம்மில் பல வீடுகளில் இதே கதைதான் என்பதால் உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

தொட்டாற்சிணுங்கி சொன்ன சேதி

பகலில் விரிந்து இரவில் இலையை மூடிக்கொள்ளும் செடி தொட்டாற்சிணுங்கி. வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது இப்படிச் செய்கிறது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1729-இல் தெ மேரான் என்ற பிரெஞ்சு அறிஞர் அந்தச் செடியை வெளிச்சமே படாத இடத்தில் வைத்துப் பார்த்தார். இருட்டிலும் அது காலையில் விரிந்தது, மாலையில் மூடியது. வெளியே சூரியன் இருக்கிறதா என்று பாராமலே நேரம் சொல்லும் ஏதோ ஒன்று செடிக்குள்ளேயே இருக்க வேண்டும் அல்லவா?

மனிதனுக்கும் அப்படி ஒன்று உண்டு. கண்களிலிருந்து வரும் இரு பார்வை நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஹைபோதலாமஸ் என்னும் மூளைப் பகுதியில், ஏறக்குறைய இருபதாயிரம் நரம்புச் செல்கள் இரு சிறு கொத்துகளாக இருக்கின்றன. இதுதான் உடம்பின் தலைமைக் கடிகாரம். எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது பசிக்க வேண்டும், உடல் சூடு எப்போது ஏற வேண்டும், எந்தச் சுரப்பி எப்போது சுரக்க வேண்டும் என்பதற்கெல்லாம் தாளம் போடுவது இதுவே.

இது நடத்தையை எந்த அளவுக்கு ஆள்கிறது என்பதற்கு ஓர் ஆய்வு போதும். ஹாம்ஸ்டர் என்று எலியைப் போன்ற ஒரு பிராணி உண்டு. அதன் ஒரு நாள் சாதாரணமாக 24 மணி நேரம். பிறவியிலேயே ஒரு மரபணு மாறிப்போனதால் 20 மணி நேரத்தையே ஒரு நாளாகக் கொண்ட ஹாம்ஸ்டர்களும் கிடைத்தன. 1990-இல் விஞ்ஞானிகள் ஒரு ஹாம்ஸ்டரின் மூளைக் கடிகாரத்தை நீக்கிவிட்டு, இன்னொன்றின் கடிகாரத் திசுவை அங்கே பொருத்தினார்கள். திசுவைப் பெற்ற பிராணி, அதைக் கொடுத்த பிராணியின் நேரப்படி ஓடி ஆடத் தொடங்கியது! எள்ளளவு திசு மாறியதும் அன்றாடப் பழக்கமே மாறிவிட்டது.

இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மரபணு ஒரு புரதத்தைச் செய்கிறது. அந்தப் புரதம் இரவில் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் தன்னைச் செய்த மரபணுவையே நிறுத்திவிடுகிறது. பிறகு புரதம் சிதைந்து குறைந்ததும் மரபணு மீண்டும் வேலையைத் தொடங்குகிறது. இந்தச் சுற்று ஒரு முறை முடிய ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகிறது.

மதுரையில் நடந்த ஆராய்ச்சி

இந்தத் துறையில் நம்மவர் பங்கும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் பல ஆண்டுகள் இந்த ஆராய்ச்சியை நடத்தினார். அவரும் அவருடைய குழுவினரும் மதுரைப் பக்கத்துக் குகைகளில் வாழும் வௌவால்களைக் கவனித்தார்கள். இரவும் பகலும் இருட்டான குகைக்குள் தனியாக அடைத்து வைத்த வௌவாலும் தன் உள்கடிகாரப்படி விழித்துக்கொண்டது. ஆனால் நாள் செல்லச் செல்ல அதன் நேரம் வெளியுலக நேரத்திலிருந்து விலகிப்போனது. சுதந்திரமாக வெளியே போய் வரும் கூட்டத்தின் நடுவே வைத்தபோதோ, அது கூட்டத்தோடு நேரத்தைச் சேர்த்துக்கொண்டது. இதை அவர்கள் 1981-இல் வெளியிட்டார்கள். உற்றார் உறவின் சத்தமும் ஒரு கடிகாரம்தான் போலும்.

ஜெர்மனியில் ஆஷாஃப் என்ற அறிஞர் 1960-களில் கடிகாரமும் சூரிய வெளிச்சமும் இல்லாத அறைகளில் மனிதர்களைத் தங்கவைத்துச் சோதித்தார். மதுரையிலும் பின்னர் அத்தகைய தனியறை அமைக்கப்பட்டது. இப்படிப்பட்ட சோதனைகள் சொல்வது ஒன்றே: மனிதனின் உள்கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்று மெதுவாக ஓடுகிறது. அதை நாள்தோறும் சரிசெய்வது கண்ணில் படும் காலை வெளிச்சம். அந்த வெளிச்சம் கிடைக்காவிட்டால் கடிகாரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கும்.

வயதுக்கு ஒரு நேரம்

இனி என் மகன் கதைக்கு வருகிறேன். இரவு நெருங்கும்போது மூளையில் உள்ள பினியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 'இரவு வந்துவிட்டது' என்று உடம்புக்கு அறிவிக்கும் தண்டோரா அது. பருவ வயதில் இந்தத் தண்டோரா தாமதமாக ஒலிக்கிறது. பத்து வயதில் ஒன்பது மணிக்குக் கண் சொக்கிய பிள்ளைக்கு, பதினைந்து வயதில் பதினொன்று ஆனாலும் தூக்கம் வராது. இருபது வயதை ஒட்டித்தான் இந்தத் தாமதம் உச்சத்தைத் தொடுகிறது. பிறகு வயது ஏற ஏற நேரம் முன்னால் நகர்கிறது. முதுமையில் மாலையிலேயே கண் அசந்து, விடியுமுன் விழிப்பு வருகிறது.

அப்பா நாலரைக்கு எழுவதும், பேரன் ஆறரைக்கும் எழ முடியாமல் தவிப்பதும் ஒரே இயற்கையின் இரு முனைகள். அப்பாவின் விழிப்பில் நல்லொழுக்கமும் பேரனின் தூக்கத்தில் தீயொழுக்கமும் இருப்பதாக நாங்கள்தான் கணக்குப் போட்டுவிட்டோம்.

13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். பதினொன்றரைக்குத் தூங்கி ஐந்தே முக்காலுக்கு எழுந்தால் ஆறே கால் மணி நேரம்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இதை எண்ணித்தான் 2014-இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் எட்டரை மணிக்கு முன் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. மகாராஷ்டிர அரசு 2024-இல் நான்காம் வகுப்பு வரை ஒன்பது மணிக்கு முன் வகுப்பு வேண்டாம் என்று சொன்னது. நல்ல முடிவுதான். ஆனால் உடம்பின் கணக்கில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது இன்னும் அவசியம்.

ஊருக்கு ஒரு சூரியன்

கல்கத்தாவில் நன்றாக எழுந்தவன் இங்கே ஏன் எழவில்லை? வயது பாதிக் காரணம், பூகோளம் மீதிக் காரணம். பூமி 15 பாகை சுழல ஒரு மணி நேரம் ஆகிறது. கல்கத்தாவுக்கும் மும்பைக்கும் இடையே உள்ள தூரம் சற்றேறக்குறைய அதே 15 பாகை. ஜனவரியில் கல்கத்தாவில் ஆறே கால் மணி வாக்கில் சூரியன் உதித்துவிடும். மும்பையில் ஏழு மணிக்கு மேல் ஆகும். ஆனால் சுவர்க் கடிகாரம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்! அதாவது மும்பையில் ஆறு மணிக்கு எழுப்புவது, உடம்பைப் பொறுத்தவரை கல்கத்தாவில் ஐந்து மணிக்கு எழுப்புவதற்குச் சமம்.

இதை அந்தக் காலத்தில் உணர்ந்தே இருந்தார்கள். 1906-இல் இந்தியப் பொதுநேரம் வந்த பிறகும் பம்பாய் 1955 வரை அதைவிட 39 நிமிடம் பின்தங்கிய தன் சொந்த நேரத்தையும் விடாமல் வைத்திருந்தது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 'பாகான் நேரம்' என்று ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. சூரியன் தாமதமாக மறையும் மேற்குப் பகுதிகளில் பிள்ளைகள் தாமதமாகவே படுக்கிறார்கள், ஆனால் பள்ளிக்காக அதே நேரத்தில் எழுகிறார்கள் என்று 2019-இல் பேசப்பட்ட ஓர் ஆய்வும் சொல்கிறது. சூரியன் மறைவது ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் பிள்ளைகளின் தூக்கம் அரை மணி நேரம் குறைகிறதாம்.

தூக்கம் குறைந்தால் குணம் மாறும்

தூக்கம் குறைவதால் வருவது கொட்டாவி மட்டுமல்ல. மூளையில் அமிக்டலா என்ற பகுதி பயத்தையும் கோபத்தையும் எழுப்புகிறது; நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி அதற்குக் கடிவாளம் போடுகிறது. ஓர் இரவு முழுவதும் விழித்தவர்களை 2007-இல் சோதித்தபோது, அமிக்டலாவின் துடிப்பு சுமார் 60 சதவீதம் கூடியிருந்தது, கடிவாளத்தின் பிடியும் தளர்ந்திருந்தது. ஷிப்டு வேலை பார்த்துவிட்டு வரும் கணவர் சின்ன விஷயத்துக்குச் சீறி விழுவதும், பிள்ளை 'வெடுக்' என்று பதில் சொல்வதும் பல நேரம் இதனால்தான். அன்று கை நீட்டிய எனக்கும் முந்தின இரவு ஐந்து மணி நேரத் தூக்கம்தான்.

இதற்காக எல்லாவற்றுக்கும் உடம்பின் மேல் பழி போட்டுவிட முடியாது. கடிகாரம் தாமதமாக ஓடலாம். அதை இன்னும் தாமதமாக்குவதா, முன்னால் இழுப்பதா என்பது நம் கையிலும் இருக்கிறது. எங்கள் வீட்டில் நாங்கள் செய்தவை இவை:

1. எழுந்தவுடன் பால்கனிக் கதவைத் திறந்து பத்து நிமிடம் வெளிச்சத்தில் நிற்பது. விடுமுறை நாளில் கட்டாயம்.

2. இரவு ஒன்பதரைக்கு மேல் கூடத்தில் ஒரு சின்ன விளக்கு மட்டும். செல்போன்கள் எல்லாம், என்னுடையதும் சேர்த்து, சமையலறை அலமாரியில்.

3. மாலை காப்பி நாலு மணியோடு சரி. உடம்பில் சேர்ந்த காஃபீனில் பாதி கரையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்த டிகிரி காப்பி பதினொரு மணிக்கும் பாதி டம்ளர் விழித்திருக்கும்!

4. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். மத்தியானம் வரை தூங்கினால் கடிகாரம் மறுபடி பின்னுக்குப் போய்விடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் அசதி, பலத்த குறட்டை, காரணமில்லாத எடை மாற்றம் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். இரத்தசோகையும் தைராய்டுக் குறைவும்கூடச் சோம்பல் வேடம் போட்டுக்கொண்டு வரும்.

என் மகன் இப்போது துள்ளிக் குதித்து எழுகிறான் என்று சொன்னால் அது பொய். ஆறு மணிக்கு இன்னமும் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருக்கிறது. ஆனால் பேருந்து தவறுவதில்லை. கூப்பிடும் குரலில் 'சோம்பேறி' என்ற சொல்லும் இல்லை. அப்பாதான் இப்போது பேரனை எழுப்புகிறார். நாலரையிலிருந்து விழித்திருப்பவர் அவர்தானே! "எழுந்திருடா கண்ணு, உன் சூரியன் இன்னும் வரலைன்னு தெரியும். இருந்தாலும் எழுந்திரு" என்பார்.