முத்திரைக்குப் பதில் முகம்

ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதிக்குள் நுழையும் வெளிநாட்டவரின் பாஸ்போர்ட்டில் நெடுங்காலமாக மை முத்திரை குத்தப்பட்டுவந்தது. அதற்கு மாற்றாக, 2025 அக்டோபர் 12 முதல் 29 நாடுகளில் மின்னணு நுழைவு-வெளியேற்றப் பதிவு படிப்படியாகத் தொடங்கியது.

முதல் வருகையில் முகப்படமும் நான்கு விரல்களின் ரேகையும் பதிவாகும். 12 வயது நிரம்பாத குழந்தைகளிடம் ரேகை எடுப்பதில்லை. இந்தியர், இலங்கையர் போல விசா பெற்றுச் செல்வோர் விண்ணப்பிக்கும்போதே பத்து விரல் ரேகையையும் தந்துவிடுகிறார்கள். எல்லையில் முகம் மட்டுமே புதிதாகச் சேர்கிறது.

கணினி முக அமைப்பை எண்களாக மாற்றி, பாஸ்போர்ட் சிப்பில் உள்ள படத்தோடு ஒப்பிடுகிறது. ஒற்றுமை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அதே ஆள்தான் என்று ஏற்கிறது. முகத்தைப் பார்க்கையில் வெளிச்சக் குறைவும், ரேகையைப் பார்க்கையில் உழைப்பால் தேய்ந்த விரல்களும் கணினியைத் தடுமாறவைக்கும்; அப்போது அதிகாரியின் கண்ணே துணை.

எந்த 180 நாள்களிலும் 90 நாள்களுக்கு மேல் தங்கக்கூடாது என்பது ஷெங்கன் விதி. மங்கிய முத்திரைகளைப் புரட்டி அதிகாரிகள் போட்ட கணக்கை இனி கணினியே போடும். இம்முறையின் உண்மையான பயன் இதுதான்.

கசிந்துபோனால் கடவுச்சொல்லை மாற்றலாம், ரேகையை மாற்ற முடியாது. ஆகவே சேமிப்புக் காலத்துக்கு வரம்பு உண்டு: கடைசியாக வெளியேறியதிலிருந்து மூன்று ஆண்டுகள், வெளியேறிய பதிவே இல்லையென்றால் ஐந்து ஆண்டுகள்.