பச்சை இகுவானா வளர்க்க ஆசையா? முதலில் 6 அடிக் கூண்டுக்கு வீட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்

கடையில் பார்க்கும்போது பச்சை இகுவானா குட்டி உங்கள் உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும். வால் நுனி வரை அளந்தாலும் ஒரு அடி வராது. கூடவே ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியையும் காட்டி, "இது போதும் சார்" என்பார்கள்.

போதாது. நல்ல தீனியும் வெயிலும் கிடைத்தால், சுமார் 3 ஆண்டுகளில் அந்தக் குட்டி 4 முதல் 5 அடி நீளம் வளர்ந்துவிடும். ஆண் 6 அடியைக்கூடத் தொடலாம். ஆயுளோ 15 ஆண்டுகளைத் தாண்டும். அதனால் கூண்டை முடிவு செய்துவிட்டுத்தான் பல்லியைப் பற்றியே யோசிக்க வேண்டும். ஏன் என்பதைப் பார்ப்போம்.

எதை வளர்க்கலாம், எதை வளர்க்கக் கூடாது?

முதலில் சட்டம். நம் ஊர் உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எவ்வளவு பெரிய கூண்டு கட்டினாலும் அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம். குறைந்தது 3 ஆண்டு சிறைத் தண்டனை கிடைக்கும், அது 7 ஆண்டு வரை போகலாம். 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு.

பச்சை இகுவானாவின் கதை வேறு. மெக்சிகோவிலிருந்து பிரேசில் வரை உள்ள காடுகள்தான் அதன் சொந்த ஊர். ஆனால் அது சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம். 2022-ல் திருத்தப்பட்ட சட்டத்தின்படியும், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படியும், இப்படிப்பட்ட உயிரினத்தை வாங்கினால் 30 நாட்களுக்குள் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய விண்ணப்பிக்க வேண்டும். விற்பவரிடம் ஆவணம் கேளுங்கள். "அதெல்லாம் எதுக்கு சார்?" என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

எவ்வளவு பெரிய கூண்டு வேண்டும்?

வளர்ந்த இகுவானா ஒன்றுக்குக் குறைந்தபட்சம் 6 அடி நீளம், 3 அடி அகலம், 6 அடி உயரம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியின் கொள்ளளவு 2 கன அடி. மேலே சொன்ன கூண்டு 108 கன அடி. அதாவது 54 தொட்டிகள்!

உயரம் ஏன் முக்கியம்? இகுவானா மரத்தில் வாழும் பிராணி. உயரத்தில் படுத்திருந்தால்தான் அதற்கு நிம்மதி. அகலம் ஏன்? அதன் நீளத்தில் பாதிக்கு மேல் வால்தான். திரும்பும்போதெல்லாம் வால் சுவரில் இடித்தால் காயம் வரும், நுனி ஒடியும். உள்ளே வைக்கும் கிளைகள் அதன் உடம்பளவுக்குத் தடிமனாக, ஆடாமல் இருக்கட்டும். ஒரே கூண்டில் இரண்டு ஆண்களை விடவே கூடாது, சண்டை போடும்.

எதில் செய்வது?

இந்த அளவில் கடையில் ரெடிமேடாகக் கிடைப்பது கஷ்டம். தச்சரிடம் சொல்லிச் செய்வதுதான் நடைமுறை. பின்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் மரைன் பிளைவுட் போட்டு, ஈரம் ஊறாதபடி பெயின்ட் அடித்து, வாடை முழுக்கப் போகும் வரை காயவிடுங்கள். முன்பக்கத்துக்கு பிவிசி பூசிய வெல்ட் மெஷ் போடலாம். வெறும் கம்பி வலையில் நகம் சிக்கும், மூக்கு தேயும். கதவு பெரியதாக இருக்க வேண்டும். தினமும் சுத்தம் செய்யப்போவது நீங்கள்தான்.

இகுவானாவின் கழிவில் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கலாம். ஆகவே கூண்டைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள், அதன் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் 5 வயதுக்குக் குறைவான குழந்தை இருந்தால், இந்த ஆசையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

வெப்பமும் வெளிச்சமும்

இகுவானா தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வெயில் காயும் மேல்கிளையில் 35 முதல் 38 டிகிரி செல்சியஸ், நிழல் பக்கத்தில் 26 முதல் 28 டிகிரி என்று கூண்டுக்குள்ளேயே இரண்டு பருவம் இருக்க வேண்டும். இரவில் 22 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் வேண்டும்.

சென்னை, மும்பையில் இரவுச் சூடு பெரும்பாலும் தானாகவே கிடைத்துவிடும். டெல்லியில் ஜனவரி இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். அங்கே வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரும் தெர்மோஸ்டாட்டும் கட்டாயம். கரண்ட் போனால் தாங்க இன்வெர்ட்டரும் தேவை. 'ஹாட் ராக்' எனப்படும் சூடாகும் கல்லை மட்டும் வாங்காதீர்கள். வயிறு வெந்துபோகும்.

அடுத்தது யுவிபி. இந்தக் கதிர் பட்டால்தான் இகுவானாவின் தோலில் வைட்டமின் டி3 உருவாகும். டி3 இருந்தால்தான் தீனியில் உள்ள கால்சியம் உடம்பில் சேரும். இல்லாவிட்டால் உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உறிஞ்சும். தாடை மெத்தென்று ஆகும், கால் வீங்கும், லேசான அடியிலேயே எலும்பு முறியும்.

"ஜன்னலோரம்தானே வைக்கிறேன், வெயில் வருதே?" என்று கேட்கலாம். ஜன்னல் கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும். சாதாரண எல்இடி பல்பிலும் யுவிபி கிடையாது. தனி யுவிபி ட்யூப் வேண்டும். அது எரிந்துகொண்டே இருந்தாலும் கதிரின் அளவு குறைந்துகொண்டே வரும். எனவே அட்டைப்பெட்டியில் சொன்ன காலத்தில், பொதுவாக 6 முதல் 12 மாதத்துக்குள், மாற்றிவிடுங்கள்.

நம் நாட்டில் இதற்கு ஒரு வசதி உண்டு. பால்கனியிலோ மாடியிலோ வலைக் கூண்டு வைத்தால் நேரடி வெயில் இலவசம். பாதிக் கூண்டு எப்போதும் நிழலில் இருக்கட்டும். கண்ணாடித் தொட்டியை மட்டும் வெயிலில் வைக்காதீர்கள். சில நிமிடங்களிலேயே அடுப்பாகிவிடும்.

கரண்ட் பில் எவ்வளவு?

100 வாட் வெப்ப பல்பும் 40 வாட் யுவிபி ட்யூபும் தினமும் 12 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 1.68 யூனிட். மாதத்துக்குச் சுமார் 50 யூனிட். 15 ஆண்டுக்கு 9,000 யூனிட்டைத் தாண்டும். குளிர்கால ஹீட்டர் இந்தக் கணக்கில் இல்லை.

பெரிதானால் வெளியே விட்டுவிடலாமா?

கூடவே கூடாது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் செல்லப்பிராணியாக வந்து, தப்பியும் விடப்பட்டும் பெருகிய இகுவானாக்கள் தோட்டங்களைத் தின்கின்றன, வளை தோண்டிக் கால்வாய்க் கரைகளைச் சேதப்படுத்துகின்றன. 2021-ல் அந்த மாநிலம் இகுவானாவைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. குளிர் அலை வந்தால் அவை விறைத்து மரத்திலிருந்து விழுவதும் அங்கேதான். வளர்க்க முடியாத நிலை வந்தால் வனத்துறையிடம் பேசுங்கள்.

ஆகவே, வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். சாக்பீஸால் தரையில் 6-க்கு 3 அடி கட்டம் போடுங்கள். 15 ஆண்டுகளுக்கு அந்த இடத்தை விட்டுக்கொடுக்க முடியுமா என்று வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள். வாடகை வீடு என்றால் ஓனரிடமும். எல்லோரும் சரி என்றால் கூண்டைக் கட்டி, விளக்குகளைப் போட்டு, ஒரு வாரம் காலியாகவே ஓடவிடுங்கள். மேல்கிளையில் ஒன்று, நிழலில் ஒன்று என இரண்டு தெர்மாமீட்டர் வைத்து, பகலும் இரவும் எண்களைக் குறித்து வையுங்கள். அவை சரியாக வந்த பிறகு குட்டியைத் தேடிப் போகலாம். கட்டத்துக்கே இடம் இல்லையென்றால், வேண்டாம் என்பதுதான் பதில்.