பூட்டு இருக்கட்டும், சாவி யாரிடம்?



எதிரணித் தம்பி சொன்னார்: "செல்போனைப் பூட்டித்தான் வைக்கணும். திறந்த வீட்டுல எது நுழையும்னு பழமொழியே இருக்கு." (சிரிப்பு) பழமொழி சரிதான் தம்பி. ஆனா நாய் நுழையுதேன்னு வீட்டைப் பூட்டுற நாம, சாவியை வீடு கட்டின மேஸ்திரிகிட்டயா கொடுத்துட்டு வருவோம்? (கைதட்டல்) பூட்டு வேண்டாம் என்பதல்ல எங்கள் வாதம். சாவி யாரிடம் என்பதுதான் எங்கள் கேள்வி.

விளக்கமாகச் சொல்கிறேன். 2007-இல் ஐபோன் வந்தபோது, வெளியாள் எழுதிய செயலியை, நம்ம பிள்ளைங்க 'ஆப்'புங்கிறாங்களே அதை, அந்தப் போனில் முறைப்படி ஏற்ற வழியில்லை. 2008 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் ஒரு கடை திறந்தது. தொடக்கத்தில் சுமார் 500 செயலிகள். ஆனால் வாசல் ஒன்றே ஒன்று. வாசல் காவலும் அவர்களே. அதே 2008-இல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. அதிலும் கூகுளின் கடை உண்டு. அதோடு, ஏபிகே என்ற கோப்பாக வெளியிலிருந்தும் செயலியை ஏற்றிக்கொள்ளலாம். முன்வாசலும் உண்டு, கொல்லை வாசலும் உண்டு.

இரண்டு வாசல் எதுக்குய்யா என்பீர்கள். 2020 ஆகஸ்டில் நடந்ததைக் கேளுங்கள். ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டுக்குள் பிள்ளைகள் செலவழிக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 30 ரூபாய் கடைக்காரருக்குப் போனது. விளையாட்டை உருவாக்கிய எபிக் நிறுவனம், "பணத்தை நாங்களே நேரடியாக வாங்கிக்கொள்கிறோம்" என்று வேறு வழி வைத்தது. அன்றைக்கே ஆப்பிளும் கூகுளும் அந்த விளையாட்டைத் தங்கள் கடையிலிருந்து எடுத்துவிட்டன. ஆண்ட்ராய்டுக்காரர் கொல்லை வாசல் வழியாக அதை வாங்கிக்கொண்டார். ஐபோன்காரருக்கு வேறு வாசலே இல்லை!

என்னிடம் தமிழ் படித்த மாணவன் ஒருவன், கண் தெரியாத தன் தம்பிக்காகப் பாடத்தை வாசித்துக் காட்டும் செயலி ஒன்று எழுதினான். ஆண்ட்ராய்டு வைத்திருந்த நண்பர்களுக்குக் கோப்பாகவே அனுப்பிவிட்டான். ஐபோன் கடையில் வைக்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு 99 டாலர். டியூஷன் எடுத்துப் படித்த பிள்ளை எங்கே போவான்?

எதிரணியின் வலுவான வாதத்தை நான் மறைக்கப்போவதில்லை. என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பருக்குச் செல்போனில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. தொட்டார். அது பத்திரிகை இல்லை, ஏபிகே! கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்தார். வங்கியிலிருந்து வரும் ரகசிய எண்ணை அது திருடிக்கொண்டது. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் போய்விட்டது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தவன் நான். சிரிச்சுப் பேசுற விஷயமில்லை இது.

ஆனாலும் யோசித்துப் பாருங்கள். கொல்லைக் கதவு முதலில் பூட்டித்தான் இருக்கிறது. "தெரியாத இடத்திலிருந்து வருகிறது, ஏற்றலாமா?" என்று போன் கேட்கிறது. 'சரி' என்று தொடுவதற்கு முன் பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்கணும். அதைச் சொல்லிக் கொடுக்காதது நம்ம தப்பு. சைக்கிளில் விழுந்தான் என்பதற்காக ஊரில் எவனுக்கும் சைக்கிள் கிடையாது என்பீர்களா?

ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு, 2024 மார்ச்சில் அங்கே ஐபோனிலும் வேறு கடைகளுக்கு வழி விடச் செய்தது. பூட்டை உடைக்கவில்லை, இன்னொரு வாசல் வைத்தது.

என் மனைவி, "எனக்கு ஒரு வாசலே போதும்"ங்கிறாங்க. தாராளமா! அதை முடிவு பண்றது அவங்க, கடைக்காரர் இல்லை. காசு கொடுத்து வாங்கியது நாம். பூட்டுவதும் திறப்பதும் வீட்டுக்காரர் உரிமை என்று கூறி விடைபெறுகிறேன்.