அகர் இல்லாத அகர்பத்தி



என் அம்மா பன்னிரண்டு வருடமாக ஊதுவத்தி உருட்டுகிறார் என்றால், "அப்ப உங்க வீடு எப்பவும் கமகமன்னு இருக்குமே" என்று ஹாஸ்டல் நண்பர்கள் கேட்கிறார்கள். இருக்காது. எங்கள் வீட்டில் கரித்தூள் வாடைதான். மூங்கில் குச்சி, கரித்தூள், ஜிகட் என்கிற பசைத்தூள் எல்லாம் ஏஜெண்டு கொண்டுவந்து போடுவார். பிசைந்து, பலகையில் உருட்டி, காயவைத்து, ஆயிரம் ஆயிரமாக எண்ணிக் கட்டினால் கூலி. கூடவே இருமல். மணம் சேர்ப்பது கம்பெனியில். சென்ட் எண்ணெயில் முக்கியெடுத்துப் பெட்டியில் போட்டு, மேலே 'அகர்பத்தி' என்று அச்சடிப்பார்கள்.

"நீ கெமிக்கல் படிக்கிறியே, அகர்னா என்னடா?" என்று ஒரு நாள் அம்மா கேட்டார். முழித்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "ஒரு மரம்மா" என்று சமாளித்துவிட்டு, அப்புறம் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அகர் என்பது வேறொன்றும் இல்லை, நம் பழைய நூல்களில் சந்தனத்தோடு சேர்ந்து வருமே, அந்த அகில்தான். இந்தப் பெயர் போர்த்துகீசியர் வாயில் 'ஆகிலா' ஆகி, லத்தீனில் கழுகைக் குறிக்கும் 'அக்விலா'வோடு குழம்பி, ஆங்கிலத்தில் 'ஈகிள்வுட்' என்று கழுகு மரமாகவே ஆகிவிட்டது! தாவரவியலில் இதன் பெயர் அக்விலேரியா. அஸ்ஸாமிலிருந்து வியட்நாம், இந்தோனேஷியா வரை காடுகளில் வளர்கிறது.

வேடிக்கை என்னவென்றால், ஆரோக்கியமான அகில் மரத்துக்கு வாசனையே கிடையாது. வெளிறிய, லேசான கட்டை. அதில் காயம் பட வேண்டும். காற்றில் கிளை முறியலாம், புழு துளைக்கலாம். அந்தக் காயத்தில் பூஞ்சை தொற்றும்போது மரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பிசின் போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. நமக்குப் புண்ணில் பொருக்கு கட்டுகிற மாதிரி. வருடக்கணக்கில் அது ஊறி, கட்டை கறுத்து, கனத்து, நல்ல ரகம் தண்ணீரில் போட்டால் முழுகும். சீனர்களும் ஜப்பானியர்களும் இதற்கு 'முழுகும் மணம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சிவில் நண்பர்கள் கோபிக்க வேண்டாம். உங்களுக்குக் கெட்டுப்போன மரம், இங்கே அதற்குத்தான் விலை.

எந்த மரத்துக்குள் கறுப்பு இருக்கிறது என்று வெளியிலிருந்து நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதனால் நல்ல மரத்தையும் சேர்த்து வெட்டித் தள்ளினார்கள். 1995-ல் அக்விலேரியா மலாக்கென்சிஸ் என்ற வகையும், 2005-ல் மற்ற அகில் வகைகளும் 'சைட்டிஸ்' சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்கு வந்தன. அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு விட்டு நாடு விற்கக் கூடாது. இப்போது தோட்டம் போட்டு, மரத்தில் துளையிட்டு, வேண்டுமென்றே பூஞ்சையைச் செலுத்தி விளைவிக்கிறார்கள்.

உலகத்திலேயே பேர்பெற்ற அகில் கட்டை ஒன்று ஜப்பானில் நாரா நகரத்தில், தோதாய்-ஜி கோயிலுக்குச் சொந்தமாக இருந்த ஷோசோயின் என்ற பழைய கருவூலத்தில் இருக்கிறது. பெயர் 'ரன்ஜதாய்'. ஜப்பானிய எழுத்தில் அந்த மூன்று எழுத்துகளைக் கூர்ந்து பார்த்தால் உள்ளுக்குள்ளே 'தோதாய்-ஜி' என்ற பெயர் ஒளிந்திருக்கும். நீளம் 156 சென்டிமீட்டர், எடை 11.6 கிலோ. உள்ளே பெரும்பாலும் பொந்து. 1465-ல் ஆஷிகாகா யோஷிமாஸா, 1574-ல் ஓடா நோபுனாகா, 1877-ல் மேஜி பேரரசர் ஆகிய மூவரும் ஆளுக்கொரு துண்டு வெட்டிய இடத்தில் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆராய்ந்து பார்த்ததில் 38 இடத்தில் வெட்டுத் தடம் இருக்கிறதாம். சீட்டு ஒட்டாத மகானுபாவர்கள் யாரோ!

அது 756-ல் இறந்த ஷோமு பேரரசரின் பொருள் என்று ஒரு பேச்சு உண்டு. 2025-ல் கார்பன் கணக்கீட்டின் முடிவு வந்தது. அந்த மரம் விழுந்தது எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கும் நடுவில். அவர் அதைப் பார்த்திருக்கவே முடியாது.

சரி, ஆயிரம் வருடத்துக்கு மேல் கிடந்த கட்டையில் மணம் எப்படி மிச்சம் இருக்கும்? அம்மா உருட்டிய பத்தியே ஆறு மாதம் பெட்டி திறந்து கிடந்தால் மணம் போய்விடுகிறதே! இதற்குப் பதில் நம் பாடத்திலேயே இருக்கிறது. எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனீனில் 10 கார்பன். சட்டென்று ஆவியாகும். அகிலில் இருப்பவை செஸ்குவிடெர்பீன்கள், 15 கார்பன். கனமானவை, மெதுவாகத்தான் கிளம்பும். இன்னொரு கூட்டம் குரோமோன்கள். இவை சாதாரண வெப்பத்தில் சும்மா கிடக்கும், சூடு பட்டால்தான் உடைந்து மணம் விடும். ஆக, மணத்தின் ஒரு பகுதி கட்டைக்குள் பூட்டியே இருக்கிறது, சாவி நெருப்பு.

அதனால்தான் ஜப்பானியர்கள் நல்ல அகிலைக் கொளுத்துவதில்லை. கொளுத்தினால் கருகல் வாடை சேர்ந்துவிடும். கிண்ணத்துச் சாம்பலுக்குள் கரித்தணலைப் புதைத்து, மேலே மைக்கா தகடு வைத்து, அதன்மேல் அரிசி மாதிரி சின்னத் துணுக்கு. அவ்வளவுதான். இந்தக் கலைக்குக் 'கோடோ' என்று பேர். மணத்தை மோப்பது என்று சொல்ல மாட்டார்கள், 'கேட்பது' என்பார்கள்.

நம் நாட்டில் அகர் எண்ணெய்க்குப் பேர்போன ஊர் அஸ்ஸாமில் ஹோஜாய். கட்டையைப் பொடித்து, நாட்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு நாட்கணக்கில் காய்ச்சி வடிப்பார்கள். எண்ணெயின் கொதிநிலை 200 டிகிரிக்கு மேல் இருந்தும் 100 டிகிரிக்குள் எப்படி வருகிறது என்று வைவாவில் கேட்டால் விழிக்காதீர்கள். கலக்காத இரண்டு திரவங்களின் ஆவியழுத்தமும் கூடிக்கொள்ளும், அதனால் முன்னாடியே கொதிக்கும்.

இவ்வளவும் அம்மாவிடம் சொன்னேன். பத்து பேர் பார்க்க பிராக்டிகல் செய்வதைவிட அதுதான் பயமாக இருந்தது. உருட்டுகிற கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நம்ம பத்தியில அது இல்லியா?"

"இல்லம்மா. பேர் மட்டும்தான்."

"அந்தத் தகட்டுல வச்சா பொகையே வராதா?"

"ரொம்பக் கம்மிம்மா."

"கரித்தூளும் பிசைய வேணாம்?"

"வேணாம்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் முந்தானையால் மூக்கைத் துடைத்தார், கறுப்பாக வந்தது. லேபில் நாங்கள் கட்டுகிற துணி மாஸ்க் இரண்டு அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிசையும்போது மட்டும் கட்டிக்கொள்கிறார். ஒன்றைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிட்டாராம், இன்னும் நாலு வேண்டும் என்கிறார்.

– மூன்றாம் ஆண்டு, வேதிப் பொறியியல்