பாக்கெட் ஈஸ்ட்டா... பழைய புளிப்பா?

யானைக்கவுனியில் இப்போது யானையும் கிடையாது, கவுனியும் கிடையாது! 18-ம் நூற்றாண்டில் கறுப்பர் நகரத்தைச் சுற்றி வெள்ளைக்காரர்கள் எழுப்பிய மதிலில் ஒரு வாசலாக இருந்த இடம். மதில் போச்சு, வாசல் போச்சு, பேர் மட்டும் நின்றுவிட்டது.

ஆபீஸ் முடிந்து அந்தப் பக்கம் போனால், ஒட்டினாற்போல சௌகார்பேட்டை. வாணலியில் ஜிலேபி சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள். பாகு இனிப்புக்கு நடுவே 'நானும் இருக்கேன்' என்று லேசாக ஒரு புளிப்பு எட்டிப் பார்த்தால், அது பழைய முறை ஜிலேபி. மைதாவைத் தயிர் விட்டுக் கரைத்து, ராத்திரி முழுக்கப் புளிக்க வைப்பது. புளிப்பே இல்லையா? பெரும்பாலும் ஒரு சிட்டிகை ஈஸ்ட்டோ சோடாவோ போட்டு அவசரமாகப் பிழிந்த சரக்கு!

'ஈஸ்ட்டா? ஐயையோ, கெமிக்கலாச்சே சார்!' என்று பதறாதீர்கள். ஈஸ்ட் கெமிக்கல் இல்லை, உயிருள்ள ஜந்து. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை. சர்க்கரையைத் தின்றுவிட்டு கரியமில வாயுவை விடும். அந்த வாயு மாவுக்குள் மாட்டிக்கொள்வதால்தான் பன் உப்புகிறது.

கடையில் விற்கிற ஈஸ்ட், சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் வளர்த்த ஒரே ஜாதி. பேரு சாக்கரோமைசஸ் செரிவிசியே. (இதை வேகமாக மூன்று தடவை சொன்னால் நாக்கு உப்பும்!) அமெரிக்காவில் ஃபிளைஷ்மேன் சகோதரர்கள் 1868-ல் இதைக் கட்டியாக அமுக்கி விற்க ஆரம்பித்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பட்டாளத்துக்காக உலர்ந்த ஈஸ்ட் வந்தது. அரை கிலோ மைதாவுக்கு 5 கிராம் போதும். ஒன்றரை மணி நேரத்தில் மாவு எழும்பிவிடும்.

அதற்கு முன்னால்? காட்டு ஈஸ்ட்தான். அது காற்றிலிருந்து பறந்து வந்து குதிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். முக்கால்வாசி மாவோடு மாவாகவே வருகிறது! கூடவே புளிப்பு பாக்டீரியாவும். ஈஸ்ட் ஒன்று என்றால் பாக்டீரியா சுமார் நூறு. ஈஸ்ட் மாவைத் தூக்கும். பாக்டீரியா புளிப்பு, மணம் எல்லாம் கொடுக்கும். இந்தக் கூட்டணி ரொட்டிக்குப் பேர்தான் 'சவர்டோ'. கூட்டணிக்கு அவகாசம் வேண்டும். பாக்கெட் ஈஸ்ட் ஓடுகிற வேகத்தில் பாக்டீரியாவுக்கு வேலை செய்ய நேரமே கிடைப்பதில்லை. அதனால்தான் பன்னில் உப்பல் இருக்கிறது, புளிப்பு இல்லை.

நம்ம ஊர் ஆப்பத்துக்கும் இதே கதைதான். அந்தக் காலத்தில் மாவில் கொஞ்சம் கள் விடுவார்கள். மரத்திலிருந்து இறங்கும்போதே காட்டு ஈஸ்ட் அதில் குடித்தனம் வந்திருக்கும். தமிழ்நாட்டில் 1987-ல் கள்ளுக்குத் தடை வந்தது. குடிமகன்கள் மட்டும் தவிக்கவில்லை, ஆப்பமும் தவித்தது! அந்த இடத்தில் ஈஸ்ட் பாக்கெட்டும் ஆப்ப சோடாவும் வந்து உட்கார்ந்துகொண்டன.

சரி, ரூமிலேயே புளிப்பு மாவு வளர்க்க ஆசையா? ஒரு பாட்டிலில் 50 கிராம் கோதுமை மாவு, 50 மில்லி தண்ணீர். மூடியை இறுக்க வேண்டாம். தினம் பாதியை எடுத்துவிட்டு, அதே அளவு புது மாவும் தண்ணீரும் விடுங்கள். மாவு தயாராகும் வரை எடுத்ததைக் கொட்டிவிடுங்கள். தயாரான பிறகு எடுப்பதில் கோதுமை தோசை வார்க்கலாம்.

இரண்டாம் நாளே நுரை பொங்கும். 'ஆச்சுடா மச்சான்!' என்று துள்ளாதீர்கள். அது ஈஸ்ட் இல்லை. பெரும்பாலும் லூக்கோனோஸ்டாக் மாதிரி பாக்டீரியா. நம் இட்லி மாவைப் பொங்க வைக்கிற அதே ஆசாமி! உளுந்தின் வழவழப்பு வாயுவைப் பிடித்து வைப்பதால் இட்லிக்கு அவர் போதும். ரொட்டிக்குப் போதாது. மூன்று, நான்காம் நாள் பாட்டில் செத்தது மாதிரி கிடக்கும். நிறையப் பேர் அன்றைக்கே தூக்கி எறிந்துவிடுகிறார்கள். தப்பு! உள்ளே புளிப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. அது ஏறினால் முதலில் வந்த ஆசாமி ஒதுங்குவார், புளிப்பைத் தாங்கும் ஈஸ்ட் தலையெடுக்கும். விடாமல் தீனி போட்டு வந்தால், ஒரு வாரம் பத்து நாளில் மாவு சில மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகும். அப்போதுதான் ரொட்டிக்கு ரெடி.

சென்னை வெயிலில் எல்லாமே சீக்கிரம். வெளிநாட்டுப் புத்தகத்தில் பன்னிரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தால் நம்பி தூங்கிவிடாதீர்கள். கடிகாரத்தை விட்டுவிட்டு மாவைப் பாருங்கள். தயாரான பிறகு ஃப்ரிட்ஜில் வைத்து வாரம் ஒருமுறை தீனி போட்டால் போதும். ஆனால் ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறமோ, பூஞ்சைக் காளானோ தெரிந்தால் இரக்கமே வேண்டாம், குப்பைத்தொட்டிதான்.

இத்தனை பாடு எதுக்கு? புளிப்பு அமிலத்தால் ரொட்டி சீக்கிரம் பூசணம் பிடிக்காது. தானியத்தில் இரும்புச்சத்தைக் கட்டிப்போடும் ஃபைட்டேட்டும் குறையும். ஆனால் கோதுமையே ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகளுக்கு இதுவும் ஆகாது. 'புளிச்சா சரியாயிடும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

திடீர் விருந்தாளிக்கு பாக்கெட் ஈஸ்ட். ஞாயிற்றுக்கிழமைக்கு பழைய புளிப்பு. இரண்டும் இருக்கட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்... பாட்டிலை இறுக்கி மூடிவிட்டு ஊருக்குப் போனால், திரும்பி வரும்போது மாவு பாட்டிலில் இருக்காது. ஹவுஸ் ஓனர் வாசலில் இருப்பார்!